சந்தூக்கு இருக்கிறது, ஸ்ட்ரெச்சர் இருக்கிறதா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை தொடங்கிய ஆம்புலன்ஸ் சத்தம் போடிநாயக்கனூர்த் தெருக்களில் இரவு நெடுநேரம் ஓயவில்லை. குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை ஏற்றி வந்த வண்டிகள் அவை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் மலையேற வந்த இரண்டு குழுவினர் முதல் நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறிச் சென்று, அங்கே இரவு தங்கி, மறுநாள் இறங்கி வரும் வழியில் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒன்பது பேர் மலையிலேயே இறந்து கிடந்தார்கள். போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளிலும் பிற ஊர்களிலும் சிகிச்சை பலனின்றி ஒவ்வொருவராக இறந்து, அந்த எண்ணிக்கை 20ஐத் தாண்டியது.

அந்த நாளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அனுமதி இருந்ததா, வனத்துறை எச்சரித்ததா, தீ எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்கப்பட்டது, விசாரணையும் நடந்தது. நாம் இங்கே பேச விரும்புவது வேறு ஒன்று. அந்த மலைச்சரிவில் கதறிக்கொண்டிருந்தவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் யார்?

குரங்கணி கிராமத்து மக்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். தலைக்கவசம் இல்லை, தீயைத் தாங்கும் உடை இல்லை, முறையான தூக்குப்படுக்கைகள் இல்லை. கையில் கிடைத்த போர்வையிலும் துணியிலும் தொட்டில் கட்டி, கரிந்துபோன உடம்புகளைத் தோளில் சுமந்து, இருட்டில் கல்லிலும் முள்ளிலும் இறங்கினார்கள். தீயணைப்புத் துறையினர், காவல்துறையினர், வனத்துறையினர் எல்லோரும் வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. மீட்புப் பணி மறுநாளும் நீடித்தது. ஆனால் அந்த முதல் சில மணி நேரம் பக்கத்து ஊர்க்காரர்களுடைய நேரமாகவே இருந்தது.

எந்த விபத்திலும் இதுதான் நடக்கிறது. அரசு வருவதற்கு முன் அண்டை வீட்டார் வருகிறார்கள். அப்படி வருகிற அண்டை வீட்டாருக்கு என்ன தெரியும், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே பல உயிர்களின் கதை முடிவாகிறது.

வண்டி ஏறாத மலை

நம் ஊரின் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். போடியிலிருந்து குரங்கணி சுமார் 15 கிலோமீட்டர். அதுவரை சாலை உண்டு. அதற்கு மேல் கொழுக்குமலைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடைபாதைதான். கொழுக்குமலை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

ஒரு காலத்தில் மூணாறுப் பகுதித் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கியது. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்தது. நூறாண்டுக்கு முன் தேயிலைப் பெட்டிகளை இறக்க வழி செய்திருந்த அதே மலைப்பகுதியில், 2018இல் தீக்காயம் பட்ட மனிதர்களை இறக்க மனிதத் தோள்களைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டுமே செல்லும் திட்டமும் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வெளியூரிலிருந்து வருபவர்களுக்கானது. இங்கேயே வாழ்பவர்கள் எந்த இணையத்தில் பதிவு செய்துவிட்டு மலையில் நடக்கிறார்கள்?

2020 மார்ச் இறுதியில், கொரோனா ஊரடங்கை ஒட்டி ஜீப்புகள் நின்றுபோனபோது, கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவந்த நம் பகுதித் தொழிலாளர்கள் சிலர் காட்டுப்பாதையில் நடந்தே இராசிங்காபுரம் பக்கம் இறங்கி வந்தார்கள். வழியில் காட்டுத்தீ அவர்களைப் பிடித்தது. ஒரு பச்சிளங் குழந்தையும் அதில் இறந்தது. குரங்கணியை நாடே அறியும். இந்த ஏழைகளின் மரணத்தை நம் ஊரிலேயே பலர் மறந்துவிட்டார்கள்.

போடியின் வாழ்வு ஏலக்காயோடு பிணைந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இங்கே இருக்கிறது. விடியற்காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் போடிமெட்டு ஏறி வேலைக்குப் போகிறார்கள். ஊருக்குள் சாக்கும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய குடோன்கள், தோட்டங்களில் நெருப்பு மூட்டி ஏலக்காய் உலர்த்தும் அறைகள், நெருக்கமான தெருக்கள், ஒரு வண்டி எதிரே வந்தால் இன்னொரு வண்டி ஒதுங்க முடியாத சந்துகள். மலையில் மட்டும்தான் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது என்று நினைக்க வேண்டாம். நாம் குடியிருக்கும் தெருவுக்குள் அது நுழையுமா என்று இன்று மாலை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

மலையில் தீ எப்படி ஓடுகிறது?

தை, மாசியில் பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியதும் மலைச்சரிவில் ஆளுயரப் புல் காய்ந்துவிடுகிறது. அதன்பின் ஒரு பீடித் துண்டு போதும். தீ சமதளத்தில் ஓடுவது ஒரு வேகம், சரிவில் மேல்நோக்கி ஓடுவது வேறு வேகம். கீழே எரியும் சுவாலை மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ அணைப்போர் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. பகலில் காற்றும் பெரும்பாலும் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வீசும். இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகள் புகைபோக்கி போலத் தீயை உறிஞ்சி மேலே அனுப்பும்.

ஆகவே தீயைக் கண்டதும் மேல்நோக்கி ஓடுவதும், மறைவிடம் என்று எண்ணி மலை இடுக்கில் இறங்குவதும் உயிருக்கு ஆபத்து. பக்கவாட்டில் விலக வேண்டும். வெறும் பாறை, ஓடை, புல் இல்லாத தரை, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம் ஆகியவையே பாதுகாப்பான இடங்கள். உடம்பில் உருகி ஒட்டிக்கொள்ளும் செயற்கை இழைத் துணிகளைவிடப் பருத்தித் துணி மேல். மலைக்கு வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வனத்துறை கோடை தொடங்கும் முன் புல்லை வெட்டி அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறது. தீ அந்த வெற்று நிலத்தைத் தாண்ட முடியாமல் நிற்கும் என்பது கணக்கு. தீத்தடுப்புக் காவலர்களாக மலைவாழ் மக்களைத் தற்காலிகமாக வேலைக்கு வைப்பதும் உண்டு. பச்சைக் கிளைகளை ஒடித்துத் தீயின் ஓரத்தை அடித்து அணைக்கும் அந்தக் கைகளைப் பற்றி எந்தச் செய்தியிலும் பெயர் வருவதில்லை. மலையின் காற்றையும் தடத்தையும் அவர்கள் அறிந்த அளவு வேறு யாரும் அறியார். காட்டுத்தீயை அணைக்க வெறும் ஆர்வத்தோடு நம் இளைஞர்கள் மலைக்கு ஓடக் கூடாது என்பதையும் இங்கே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். வனத்துறை அழைத்தால், அவர்கள் சொல்லும் வேலையை, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் செய்ய வேண்டும்.

சம்பளம் இல்லாத தீயணைப்பாளர்கள்

நம் நாட்டில் தீயணைப்பு என்றால் அரசு வேலை. உலகின் பல நாடுகளில் நிலைமை வேறு. ஜெர்மனியில் சுமார் பத்து லட்சம் பேர் சம்பளமின்றித் தீயணைப்புப் பணி செய்கிறார்கள். பெருநகரங்களில்தான் முழுநேர ஊழியர்கள். சிற்றூர்களில் தச்சர், ஆசிரியர், விவசாயி, கடைக்காரர் ஆகியோரே தீயணைப்பாளர்கள். சிலி நாட்டில் ஏறத்தாழ முழுத் தீயணைப்புப் பணியுமே தொண்டர்களுடையது. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் பிலடெல்ஃபியாவில் அண்டை வீட்டாரைச் சேர்த்து ஒரு தீயணைப்புக் குழு தொடங்கினார். தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து சாமான்களைக் கட்டி வெளியேற்றப் பைகளும் வைத்திருப்பது அதன் உறுப்பினர்களின் கடமை. இன்றும் அந்நாட்டுத் தீயணைப்பாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தொண்டர்களே.

இவை எப்படி நடக்கின்றன? சைரன் ஒலித்தாலோ கைக்கருவி அழைத்தாலோ, கடையில் இருப்பவர் கடையை விட்டு வருகிறார். தூங்குபவர் எழுந்து வருகிறார். வண்டியும் உடையும் நிலையத்தில் தயாராக இருக்கும். இதற்காக வாரத்தில் ஒரு மாலையோ மாதத்தில் சில நாட்களோ ஒன்றுகூடிக் குழாய் இழுத்து, ஏணி ஏறி, கருவிகளைத் துடைத்துப் பழகுகிறார்கள். சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை நிலையத்தைத் திறந்துவைத்து ஊராரை அழைத்து, சமைத்துப் பரிமாறி, நிதி திரட்டுகிறார்கள். பல சிற்றூர்களில் அந்த நிலையம்தான் ஊரார் கூடும் இடம். தீ ஆண்டுக்குச் சில முறைதான் வரும். மற்ற நாட்களில் அவர்களை ஒன்றாக வைத்திருப்பது அந்தப் பழகலும் பந்தியும்தான்.

இது மேற்கத்தியர்களுக்கே உரிய பழக்கம் என்று எண்ண வேண்டாம். மரவீடுகள் நிறைந்த இஸ்தான்புல் நகரம் திரும்பத் திரும்பத் தீக்கிரையான நகரம். 1720இல், பிரான்சில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்பவரின் பொறுப்பில் அங்கே தண்ணீர் இறைக்கும் பம்புகளுடன் தீயணைப்புப் படை அமைந்தது. 1826இல் ஜானிஸாரி படை கலைக்கப்பட்டபோது அதனோடு இணைந்திருந்த இந்தப் படையும் போயிற்று. அதே ஆண்டு நகரில் பெருந்தீ மூண்டு, தீயணைக்க ஆளில்லாத கொடுமையை மக்கள் கண்டார்கள். பிறகு மஹல்லாதோறும் இளைஞர்கள் சேர்ந்து, பம்புப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு குறுகிய தெருக்களில் ஓடித் தீயணைத்தார்கள். உயர்ந்த கோபுரங்களில் காவலர் நின்று புகையைப் பார்த்துச் சேதி சொல்வார்கள். மஹல்லாவுக்கு மஹல்லா யார் முந்திப் போவது என்ற போட்டி வளர்ந்து அடிதடியும் நடந்தது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. 1874இல் ஹங்கேரியிலிருந்து வந்த சேச்சேனி என்பவரைக் கொண்டு அரசு முறையான படை ஒன்றை உருவாக்கியது. ஆர்வத்துக்கு ஒழுங்கும் பயிற்சியும் கடிவாளமாக வேண்டும் என்பது அந்த அனுபவத்தில் நமக்கிருக்கும் பாடம்.

நம் நாட்டின் ஏற்பாடு

நம் தீயணைப்பு வீரர்களைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பலில் தீப்பிடித்தது. அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் வெடிப்பில் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 தீயணைப்பு சேவை நாளாகவும், அதிலிருந்து ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. நமது மாநிலத்தில் அத்துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, வெள்ளத்தில் சிக்கியவர் என எல்லாவற்றுக்கும் 101ஐத்தான் அழைக்கிறோம். இப்போது 112க்கும் அழைக்கலாம். போடியிலும் நிலையம் உண்டு. ஆனால் ஒரு நிலையத்திலிருந்து ஒரு வண்டி புறப்பட்டு, நெரிசலைக் கடந்து வந்து சேரும்வரை காத்திருக்கும் நிமிடங்களுக்கு யார் பொறுப்பு?

அந்த இடைவெளியை அரசும் உணர்ந்திருக்கிறது. ஊர்க்காவல் படை நெடுங்காலமாக இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் ‘ஆப்த மித்ரா’ என்ற திட்டத்தைச் சில மாவட்டங்களில் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களுக்குப் பயிற்சி என விரிவாக்கியது. முதலுதவி, மீட்பு, தீயணைப்பு ஆகியவற்றை உள்ளூர் இளைஞர்களுக்குப் பன்னிரண்டு நாட்களில் கற்பித்து, ஒரு கருவிப் பையும் தரும் திட்டம் அது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் இத்தகைய பயிற்சிகள் பற்றிக் கேட்டறியலாம். எத்தனை ஜமாஅத்துகள் கேட்டிருக்கின்றன?

மவுத்துக்குப் பின் வருகிறோம்

நம் சமுதாயத்துக்குத் தொண்டு புதிதல்ல. 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து எல்லாச் சமயத்தவரையும் தங்கவைத்தன. கொரோனா காலத்தில், பெற்ற பிள்ளைகளே நெருங்கத் தயங்கிய உடல்களை நம் இளைஞர்கள் சுமந்து, அவரவர் முறைப்படி அடக்கமோ தகனமோ செய்தார்கள். ஒரு வீட்டில் மவுத் என்றால் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு வருகிறது. அரை மணி நேரத்தில் குளிப்பாட்டுபவர், கஃபன் தைப்பவர், கபுர் வெட்டுபவர் எல்லோரும் தயார். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஏனென்றால் அது ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் அனைவர் மீதிருந்தும் நீங்கும், எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளியாகும் கடமை என்று நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித்தரப்பட்டிருக்கிறது.

ஆனால் ஃபர்ளு கிஃபாயா ஜனாஸாவோடு முடிந்துவிடுவதில்லை. ஆபத்தில் இருக்கும் உயிரைக் காப்பதும் அதில் அடங்கும். ஒருவர் தொழுதுகொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ தண்ணீரில் மூழ்குகிறார் அல்லது தீயில் சிக்குகிறார் என்றால், காப்பாற்ற முடிந்தவர் தொழுகையை முறித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. தொழுகையையே நிறுத்தச் சொல்லும் கடமைக்கு நாம் என்ன தயாரிப்பு வைத்திருக்கிறோம்? தொழுகையை முறித்து ஓடியவர் அங்கே போய் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்து நின்றால் என்ன பயன்?

எல்லாப் பள்ளிவாசல்களிலும் மையத்தைத் தூக்கிச் செல்லும் சந்தூக்கு இருக்கிறது. பல ஊர்களில் அதைத் தேக்கிலும் எஃகிலும் அழகாகச் செய்து வைத்திருக்கிறோம். உயிரோடு காயம்பட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் செல்லும் ஸ்ட்ரெச்சர் எத்தனை பள்ளிவாசல்களில் இருக்கிறது? குரங்கணி மக்கள் போர்வையில் தொட்டில் கட்டிய அந்த மாலையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி நம் நெஞ்சில் உறுத்துகிறது.

பூட்டிய கதவுகள்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநலம் குன்றியோரைத் தங்கவைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். இரண்டு இடங்களிலும் தீயைவிட, வெளியேற வழியில்லாததே கொன்றது.

நாம் ஓதிய காலத்து மதரஸா விடுதி ஒன்றை நினைத்துப் பார்க்கிறோம். இரவு இஷாவுக்குப் பிறகு மாடியின் இரும்புக் கதவு பூட்டப்படும். சாவி கீழே ஒருவரிடம் இருக்கும். பிள்ளைகள் வெளியே சுற்றக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். கொசுவர்த்திச் சுருள் எரியும் அறையில் பாயோடு பாய் ஒட்டிப் படுத்திருப்போம். அல்லாஹ் காப்பாற்றினான். அன்று நமக்கு அதில் எந்தப் பயமும் தோன்றவில்லை. இன்று நம் பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தப் பூட்டு நினைவுக்கு வருகிறது. உங்கள் பிள்ளை தங்கிப் படிக்கும் இடத்தில், மதரஸாவோ கல்லூரியோ எதுவானாலும், இரண்டாவது வழி எங்கே, இரவில் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

ஒரு மஹல்லா என்ன செய்யலாம்?

ரமளானில் முப்பது நாளும் பல நூறு பேருக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சி, நேரம் தவறாமல் ஊற்றிக் கொடுக்கும் ஜமாஅத்துக்கு மாதம் ஒரு மணி நேரப் பயிற்சி பெரிய சுமை அல்ல. அரசுத் துறைக்கு மாற்றாக அல்ல, அது வந்து சேரும்வரை தாங்கிப் பிடிக்கும் கைகளாகச் சிலவற்றைச் செய்யலாம்.

முதலாவது, ஆட்கள். தெருவுக்கு இரண்டு பேர் வீதம் பத்துப் பேர் போதும். வெளியூர் வேலைக்குப் போகிறவர்களைவிட, பகலில் ஊரில் இருக்கும் கடைக்காரர், எலெக்ட்ரீஷியன், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரைச் சேர்ப்பது நல்லது. எலெக்ட்ரீஷியன் ஒருவர் கட்டாயம் வேண்டும். பகல் நேரத்தில் வீடுகளில் இருப்பவர்கள் பெண்கள். அடுப்படியில் தீயை முதலில் பார்ப்பவர்களும் அவர்களே. ஆகவே பெண்களுக்குத் தனியாகப் பயிற்சி வையுங்கள்.

இரண்டாவது, பயிற்சி. தீயணைப்பு நிலைய அலுவலரை அணுகி, ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வளாகத்தில் செயல்விளக்கம் கேளுங்கள். தீயணைப்பான் உருளையின் ஊசியைப் பிடுங்கி, சுவாலையை நோக்கி அல்லாமல் தீயின் அடியை நோக்கிப் பீய்ச்ச வேண்டும் என்பது ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தால்தான் பதியும்.

மூன்றாவது, பொருட்கள். ஒன்றிரண்டு தீயணைப்பான்கள், மணல் வாளிகள், கயிறு, டார்ச் விளக்கு, கம்பளிப் போர்வை, முதலுதவிப் பெட்டி, ஸ்ட்ரெச்சர். இவை பூட்டிய அலுவலக அறைக்குள் இருந்து பயனில்லை. மோதினார் கை நீட்டி எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தீயணைப்பானில் காலாவதித் தேதி உண்டு. அதைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

நான்காவது, பட்டியல். எழுந்து நடக்க முடியாத பெரியவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் எவை என்று அந்தப் பத்துப் பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தீப்பிடித்த வீட்டில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தீயணைப்பு வீரர் முதலில் கேட்பார். அதற்குச் சரியான பதில் சொல்லும் அண்டை வீட்டார் ஒருவர், வேடிக்கை பார்க்கும் நூறு பேரைவிட உதவியானவர்.

ஐந்தாவது, ஒழுங்கு. மவுத் அறிவிக்கும் அதே மைக்கில் ஆபத்தையும் அறிவிக்கலாம். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் தீயை நோக்கி ஓடக் கூடாது. ஒருவர் 101ஐ அழைக்க வேண்டும். ஒருவர் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். இருவர் தெருமுனையில் நின்று இருசக்கர வாகனங்களை அகற்றி வண்டிக்கு வழி ஏற்படுத்த வேண்டும். மற்றவர்கள் ஆட்களை வெளியேற்ற வேண்டும். புகை நிறைந்த அறைக்குள் பயிற்சியும் கருவியும் இல்லாத எவரும் நுழையக் கூடாது. தீயைவிடப் புகையே அதிகம் பேரைக் கொல்கிறது. காப்பாற்றப் போனவரும் பலியாவது வீரமல்ல, இன்னொரு குடும்பத்தின் இழப்பு.

இந்தக் குழு முஸ்லிம் வீடுகளுக்கு மட்டுமானதாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. தீ சந்து மாறும்போது சமயம் கேட்பதில்லை. அடுத்த தெருக் கோயில் நிர்வாகத்தையும் தேவாலயத்தாரையும் வியாபாரிகள் சங்கத்தையும் சேர்த்தே பயிற்சி நடத்துங்கள்.

வீட்டில் இன்றே

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் இரவில் ஒரு வீடு எரிந்துபோனது. செய்தி வந்ததும், தூங்கப் போகும்முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துப் போய் வீட்டை எரித்துவிடக்கூடும் என்றுகூட எச்சரித்திருக்கிறார்கள். இன்று நம் வீட்டில் அந்தத் திரி எது? அடைக்காத கேஸ் ரெகுலேட்டர், இரவெல்லாம் தலையணை அருகே சார்ஜ் ஏறும் செல்போன், ஒரே பிளக்கில் செருகிய நான்கு வயர்கள்.

கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். தீக்காயத்தில் பற்பசை, பேனா மை, மாவு எதையும் பூச வேண்டாம். ஐஸ் வைக்கவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108ஐ அழையுங்கள்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை நாம் மேடைகளில் அடிக்கடி ஓதுகிறோம். ஓர் உயிரைக் காப்பதன் மதிப்பை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லவே அதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். நம் மஹல்லாவில் அதைச் செய்யக் கைகள் தயாராக இருக்கின்றனவா என்று நம்மையே கேட்டுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான வசனம் இல்லை.

அடுத்த தை, மாசிக்கு மலையில் புல் மறுபடியும் காயும். அதற்கு முன் உங்கள் ஜமாஅத் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுங்கள். பத்துப் பேர் பெயரை எழுதுங்கள். சந்தூக்கு வைத்திருக்கும் அறையில், அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்ட்ரெச்சருக்கும் இடம் ஒதுக்குங்கள். அது பயன்படாமலேயே தூசி படிந்து கிடக்க வேண்டும் என்று துஆ செய்வோம். தேவைப்படும் நாளில் அது அங்கே இல்லாமல் போகக் கூடாது. தீயின் ஆபத்திலிருந்து நம் அனைவரையும், மலையில் உழைக்கும் எளிய மக்களையும், நமக்காகத் தீயில் இறங்கும் தீயணைப்பு வீரர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.